காருக்கு அச்செடுத்தவள்

தெருவில் அவளைப் பல்செட்டம்மா என்றுதான் சொல்வார்கள். ஊரில் இருக்கும் மூன்று பல் மருத்துவர்களுக்கும் பல் செட் செய்து கொடுப்பது அவள்தான். வீட்டின் முன்னறையே பட்டறை. ஜன்னலோரம் நீள மேஜை, மெழுகு உருக்கும் சின்ன அடுப்பு, தேய்க்கிற மோட்டார். சுவரில் அடித்த பலகையில், யார் யாருடைய சிரிப்போ பெயர்ச்சீட்டோடு வரிசையாகக் காத்திருக்கும்.

கணவனுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. கல்யாணமானதிலிருந்து இதுதான் கணக்கு. அந்த இரண்டு மாதத்தில் அவளுக்குக் கிடைப்பது என்ன என்று கேட்டால், அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "முழங்காலுக்குக் கீழ."

உண்மைதான். வந்து இறங்கி, குளித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் அவன் நேராகக் காருக்கு அடியில் போய்விடுவான். ஒன்பது மாதமாக அவள் ஓட்டிய கார். முனகல், கீச்சு, ஒழுகல் எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருக்கும். காருக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவள் தேநீர்க் கோப்பையை அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் வைப்பாள். கை ஒன்று வெளியே வந்து தரையைத் தடவும், கோப்பையைக் கண்டுபிடிக்கும், உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"படுத்துக்கிட்டே எப்படிக் குடிக்கறீங்க?"

"கப்பல்ல தொங்கிக்கிட்டே குடிப்போம்."

அதற்கு மேல் பேச்சு வளராது.

போன தடவை அவனை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. அவனுடைய காதோரம் நரைத்திருக்கிறது. எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். அடுத்தவர் வாயில் ஒரு பல் மயிரிழை சாய்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கிறவள்.

அன்றைக்கே முடிவு செய்தாள். அடுத்த முறை அவன் வரும்போது காரில் ஒரு வேலையும் மிச்சம் இருக்கக் கூடாது. வந்த மறுநாளே இருவரும் அதில் ஏறி, தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்துப் போய், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மெக்கானிக்கிடம் விடலாம்தான். விட்டுப் பார்த்திருக்கிறாள். அவன் வந்ததும் "யாரு கை வெச்சது?" என்று கேட்டு, எல்லாவற்றையும் மறுபடியும் கழற்றி, அதற்கே பாதி விடுமுறை போனது. அவள் கை வைத்தால் அப்படிக் கழற்ற மாட்டான் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

முன் சக்கரத்தின் பிரேக் பேட் தேய்ந்து கீச்சிட ஆரம்பித்திருந்தது. முதல் வேலை அது. அதற்குக் காரைத் தூக்க வேண்டும். டிக்கியில் கிடந்த ஸ்க்ரூ ஜாக்கியை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். பாதிச் சுற்றில் மணிக்கட்டு பிசகிக்கொண்டது. பல் செட் செய்கிறவளுக்கு மணிக்கட்டுதான் சோறு. கீழே சக்கரம் வைத்து, நீளக் கைப்பிடியை அடித்தால் தானாகத் தூக்குகிற டிராலி ஜாக்கி ஒன்று வாங்கிவிடுவது என்று தீர்மானித்தாள்.

அவளோடு அந்த வீட்டில் இருந்தது நாத்தனார், கணவனின் தங்கை. லாரி எடைமேடையில் கணினி முன் உட்கார்ந்து சீட்டு கிழிக்கிற வேலை. எதைப் பார்த்தாலும் எடையாகப் பார்ப்பவள்.

"எத்தனை டன் ஜாக்கி வாங்கப் போறீங்க அண்ணி?"

"கடைக்காரர் மூணு டன்னுங்கறார்."

"மூணு டன்னா? நாம காரு வெச்சிருக்கோமா, யானை வளக்கறோமா? நாளைக்கு வண்டிய மேடைக்குக் கொண்டாங்க."

மறுநாள் இரண்டு மணல் லாரிகளுக்கு நடுவே அந்தச் சின்னக் கார் எடைமேடையில் ஏறியது. முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "இருங்கண்ணே, தங்கம் நிறுக்கறோம்" என்று நாத்தனார் ஜன்னல் வழியாகக் கத்தினாள். முன்பக்கம் மொத்தமும் முக்கால் டன்னைத் தொடவில்லை. ஒரு மூலையைத் தூக்க அதில் பாதி போதும். இரண்டு டன் ஜாக்கியே தாராளம் என்று முடிவானது.

அடுத்தது, ஜாக்கி காரைத் தொடுகிற இடம். முன் சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்குக் கீழே, தகடு இரண்டு சேர்ந்து ஒரு விளிம்பாகத் தொங்கும். அங்கேதான் தூக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி வைத்தால் தகடு மடங்கிவிடும். விளிம்பு எவ்வளவு ஆழம், எவ்வளவு தடிப்பு? குனிந்து பார்த்தால் இருட்டு. அளவுகோல் நுழையவில்லை. அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். மெழுகுத் தகட்டை வெந்நீரில் நனைத்து மெத்தென்று ஆக்கி, தரையில் ஒருக்களித்துப் படுத்து, அந்த விளிம்பில் அழுத்திப் பிடித்தாள். இறுகியதும் உருவி எடுத்து, அதில் பல் அச்சுக்குக் கரைக்கிற வெள்ளைச் சுண்ண மாவை ஊற்றி, உலர்ந்ததும் உடைத்து எடுத்தாள். காரின் அடிவயிற்றில் ஒரு சாண் நீளம், வெள்ளை வெளேரென்று கையில் இருந்தது. விளிம்புக்கும் தரைக்கும் உள்ள உயரத்தையும் மூன்று முறை அளந்தாள்.

கருவிக்கடைக்காரர் அந்த மாவு அச்சைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரோட பல்லும்மா இது?"

"காரோடது."

"ஈறு மட்டும்தாங்க வந்திருக்கு" என்றாள் நாத்தனார். "பல்லு இனிமேதான் முளைக்கணும்."

கடையில் இரண்டு ஜாக்கிகள் பொருந்தி வருவதாக இருந்தன. ஒன்று நீளம் குட்டை, தலை மட்டும் சற்று உயரம், ஒரு கையால் தூக்கிவிடலாம். இன்னொன்று நீளமாக, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நல்ல கனம். கடைக்காரர் இரண்டையும் அடித்து அடித்து உயர்த்திக் காட்டினார்.

"ஏத்தறது இருக்கட்டும்" என்றாள் அவள். "இறங்கறது எப்படி இறங்குது?"

"வால்வைத் திருப்பினா இறங்கும்."

"தடால்னா, பையவா?"

"மேல பாரம் இருந்தாத்தானே தெரியும்."

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் ஓரடி பின்வாங்கினாள். "அண்ணி, நான் எடை போடற ஆளு. எடைக்கல்லு இல்ல."

ஆனாலும் ஜாக்கியின் தலைமேல் பலகை போட்டு, கடைக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் ஏறி நின்றாள். கைப்பிடியை மூன்று முறை அடித்ததும் முழங்கால் உயரம் போனாள். பல்செட்டம்மா தரையில் உட்கார்ந்து, கைப்பிடியை மெழுகுக் கத்தி பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்து, மயிரளவு மயிரளவாகத் திருப்பினாள். இரண்டு ஜாக்கியுமே நயமாக இறங்கின. கடைக்குள் சாமான் வாங்க வந்தவர்கள் வாங்காமல் நின்று பார்த்தார்கள்.

"நீளமானதையே எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர். "தாழ்வா போகும்."

"என் வண்டிக்குக் குட்டையே உள்ள போகும். அளந்துட்டுத்தான் வந்திருக்கேன். அதோட, அவர் இல்லாதப்போ தூக்கி வைக்கறது நான்தானே."

குட்டை ஜாக்கி வீட்டுக்கு வந்தது.

அதன் இரும்புத் தலையை அப்படியே கார் விளிம்பில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இரும்பும் இரும்பும் கடித்தால் ஏதாவது ஒன்று நசுங்கும். பழைய இயந்திரத்தின் காலுக்கு வைத்திருந்த கெட்டி ரப்பர்க் கட்டை ஒன்றைத் தேடி எடுத்து, பல் குடைகிற அதே கருவியால் அதில் ஒரு பள்ளம் குடைந்தாள். மாவு அச்சில் பொருத்திப் பார்ப்பாள், இடிக்கிற இடத்தில் மையைத் தடவுவாள், மறுபடி குடைவாள். கடைசியில் கட்டை அச்சைக் கவ்விக்கொண்டு அசையவில்லை. எந்த மருத்துவரும் திருப்பி அனுப்ப முடியாத வேலை. கணவன் வர மூன்று வாரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசல் சிமென்ட் தரையில் காரை நிறுத்தினாள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்தாள். தூக்குவதற்கு முன்பே வீல் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள். தலையில் ரப்பர்க் கட்டை வைத்த ஜாக்கியைக் காருக்கு அடியில் தள்ளினாள். அது போய் முட்டி நின்றது.

"இடிக்குதே" என்றாள் நாத்தனார்.

"இடிக்காது. அளந்தேன்."

"அளந்தது சரி அண்ணி. இடிக்குதே."

அவள் உயரத்தை அளந்தாள். சரி. ஜாக்கியின் உயரத்தை அளந்தாள். அதுவும் சரி. பிறகு ரப்பர்க் கட்டையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே மெழுகு வைத்துக் கடிக்கச் சொல்லி அளவெடுப்பார்கள். பிறகு மெழுகின் தடிப்பைக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் செட் உயர்ந்துவிடும், போட்டவருக்கு வாய் மூடாது. தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் எல்லோரும் ஒரு முறை செய்கிற தப்பு. அதன் பிறகு யாரும் செய்வதில்லை. கட்டையின் பள்ளத்தை அத்தனை அழகாகக் குடைந்தவள், கட்டைக்கென்று ஒரு தடிப்பு இருப்பதை மறந்துபோயிருந்தாள்.

"என்னண்ணி ஆச்சு?"

"தடிப்பக் கழிக்கலடி."

"அவ்வளவுதானே? அந்த ரப்பரைத் தூக்கிப் போடுங்க. வெறும் தலைய வெச்சுத் தூக்கினா உள்ள போயிடும். அண்ணனுக்கா தெரியப்போகுது?"

"காருக்குத் தெரியும்."

கடைக்காரர் குட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். "தப்பான அளவோட வர்றவங்களப் பாத்திருக்கேன், அளவே இல்லாம வர்றவங்களப் பாத்திருக்கேன். சரியான அளவைக் கையில வெச்சுக்கிட்டுத் தப்பானதை வாங்கினது நீங்க ஒருத்தர்தாம்மா" என்று சொல்லிக்கொண்டே நீளமானதை இழுத்து வந்தார். அதைக் காரிலிருந்து இறக்க இரண்டு பேரும் வேண்டியிருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நண்டுபோல நடந்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அதோடு நிற்க வைக்கிற இரும்பு ஸ்டாண்டுகள் ஒரு ஜோடி. ஜாக்கி தூக்கத்தான், தாங்க ஸ்டாண்டு என்று கணவன் எப்போதும் சொல்வான். ஸ்டாண்டு வைக்காத காருக்கு அடியில் விரலைக்கூட நீட்ட மாட்டான்.

நீள ஜாக்கி ரப்பர்க் கட்டையோடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கட்டை விளிம்பைக் கவ்வியது. அவள் கைப்பிடியை அழுத்த அழுத்த, ஒன்பது மாதமாக ஊர் சுற்றிய கார் முனகாமல் எழுந்து ஸ்டாண்டின்மேல் உட்கார்ந்தது. சக்கரம் கழன்றது. தேய்ந்த பேடுகள் வெளியே வந்தன. அவளுக்குப் பயம் எதுவும் இல்லை. இந்த வேலையின் ஒவ்வொரு சத்தமும் அவளுக்குத் தெரியும். எத்தனையோ வருடமாக, அவன் கீழே இருக்கும்போது இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பது அவள் வேலையாக இருந்தது. இப்போது நாத்தனார் இருக்கையில் இருந்தாள்.

"மிதி" என்றாள் பல்செட்டம்மா. "மெல்ல... விடு. மறுபடி மிதி."

தன் குரலைக் கேட்டு அவளே ஒரு கணம் நின்றாள். அப்படியே அவன் சொல்வதுபோல இருந்தது.

இரண்டு பக்கமும் முடிந்ததும், சக்கரத்தை மாட்டுவதற்கு முன், அவள் சும்மா கொஞ்ச நேரம் அங்கேயே படுத்திருந்தாள். தரை குளுகுளுவென்று இருந்தது. தெருச் சத்தம் தூரத்தில் கேட்டது. அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சக்கரத்துக்கு மேலே, மண் அப்பிய தகட்டின் உட்புறத்தில், ஒரே ஒரு இடம் மட்டும் கிரீஸ் படிந்து பளபளத்தது. ஒரு கட்டைவிரல் ரேகை. எழும்போதெல்லாம் அவன் அங்கே கை ஊன்றியிருக்கிறான். அவள் தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அவளுடையது பாதிகூட இல்லை.

"அண்ணி, தூங்கிட்டீங்களா?"

"இல்லடி."

"பின்னாடி சக்கரம் ரெண்டும் எப்போ?"

"அது நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் அடுத்த வாரம் பிரிச்சுப் பாத்துடுவோம். எதையும் மிச்சம் வைக்கப் போறதில்ல."

அந்த வாரம் அவன் கூப்பிட்டான். கப்பலிலிருந்து வருகிற அழைப்பில் அவன் குரல் எப்போதும் ஒரு மூச்சு தாமதமாக வந்து சேரும். தனக்குப் பதில் வரவேண்டிய ஆள் வரவில்லை என்றான். இன்னும் நான்கு மாதம் கப்பலிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் சுவரில் இருந்த மாதக் காலண்டரில் நான்கு தாளைப் புரட்டினாள். அவன் இணைப்பு அறுந்துவிட்டதாக நினைத்து "இருக்கியா? இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"இருக்கேன்."

"வர்ற வெள்ளிக்கிழமை நம்ம கரைப் பக்கத்துத் துறைமுகத்துக்குத்தான் வர்றோம். மத்தியானம் கொஞ்ச நேரம் வெளிய விடுவாங்க. ஆனா அங்க வர பஸ்ஸுகூடக் கிடையாது. நீ எப்படி..."

"நான் வர்றேன்."

"கார் கீச்சுன்னு கத்துதுன்னு சொன்னியே? அவ்வளவு தூரம் அதுல வராத."

"கத்தாது" என்றாள்.

நாத்தனாரையும் கூப்பிட்டாள். அவள் வர மறுத்துவிட்டாள். "நீங்க போங்க. கிடைக்கறதே கைப்பிடி நேரம். அதுல நான் எதுக்கு நடுவுல எடைக்கல்லாட்டம்?"

விடிவதற்குள் கிளம்பி, அரை நாள் ஓட்டினாள். துறைமுக வாசலுக்கு வெளியே, லாரிகள் நிற்கிற பெரிய மைதானத்தில் ஓரமாகக் காரை நிறுத்திக் காத்திருந்தாள். வழியெல்லாம் அவனிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்திருந்தாள். தலையை ஈரமாகச் சீவிக்கொண்டு, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு அவன் வாசலைத் தாண்டி வந்தபோது அடுக்கினது எல்லாம் சரிந்துபோனது. இளைத்திருந்தான். இப்போது காதோரம் மட்டுமில்லை, புருவத்திலும் இரண்டு வெள்ளை. அவள் எண்ணிவிட்டாள்.

அவன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். இருவரும் முன்கண்ணாடி வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்டீங்களா?"

"ம்ம். நீ?"

"ம்ம்."

"தங்கச்சி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

நேரம் கையிலிருந்து ஒழுகுவது அவளுக்குத் தெரிந்தது. தாங்க முடியாமல் காரைக் கிளப்பி, மைதானத்தைச் சுற்றி ஓட்டினாள். எதிரே ஒரு லாரி திரும்ப, பிரேக்கை அழுத்தினாள். கார் சத்தமில்லாமல் நின்றது. அவன் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தான்.

"பேடு மாத்தியிருக்கு. யாரு கை வெச்சது?"

"நான்தான்."

"நீயா? எதை வெச்சுத் தூக்கின?"

"டிராலி ஜாக்கி வாங்கினேன்."

"புதுப் பேடு நுழையறதுக்குப் பிரேக் பிஸ்டனை எப்படி உள்ள தள்ளின?"

"பழைய பேடைக் குறுக்க வெச்சு, என் வேலைக்கு இருக்கிற கிளாம்பைப் போட்டு, மெதுவா."

"பல் செட் கிளாம்பா!" என்று சொல்லிவிட்டு அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு அடங்கவில்லை. அவள் எடைமேடையைச் சொன்னாள், நாத்தனாரைத் தூக்கி நிறுத்தியதைச் சொன்னாள், மாவு அச்சைச் சொன்னாள். "தடிப்பக் கழிக்கலையா? நீயா?" என்று அவன் தொடையில் அடித்துக்கொண்டான். ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்டான். ரப்பர் எவ்வளவு கெட்டி, பள்ளம் எவ்வளவு ஆழம், வால்வு எந்தப் பக்கம். கேட்கும்போதெல்லாம் நேராக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான். கிடைத்த நேரத்தில் பாதி ஜாக்கிக்கே போய்விட்டது என்று அவளுக்கு உறைத்தபோது, அதில் வருத்தம் எதுவும் இல்லை என்பதும் சேர்ந்தே உறைத்தது.

கொஞ்சம் கழித்து அவன் சிரிப்பு நின்றது. மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "அப்போ இனிமே எனக்கு வீட்டுல என்ன வேலை இருக்கு?" என்றான். கேலியாகத்தான் சொன்னான். ஆனால் கேலி அவன் கண் வரைக்கும் ஏறவில்லை.

அவன் அந்தக் கேள்வியோடு அந்த நான்கு மாதத்தையும் எஞ்சின் அறையில் கழிப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அவனை ஓய்வாக உட்காரவைக்கத்தான் அவள் இத்தனையும் செய்தாள். அவனுக்கு அது வாசற்கதவைச் சாத்தினதுபோலக் கேட்டிருக்கிறது.

"பின் சக்கரம் ரெண்டும் இருக்கு" என்றாள். "நான் தொடல."

"ஏன்?"

"அவசரமில்ல. நல்லா இருக்கு. நீங்க வந்ததும் பாக்கலாம்."

அவன் அவளைப் பார்த்தான். நம்பினானா என்று தெரியவில்லை. கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றி வந்து பின் சக்கரத்தருகே குந்தினான். அவளும் இறங்கி வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அந்த ஜாக்கி எவ்வளவு உயரம் தூக்கும்?"

அவள் தரையிலிருந்து கையை மெல்ல உயர்த்தி, சக்கரத்தின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திக் காட்டினாள். "ஸ்டாண்டை இந்த உயரத்துக்கு வெக்கலாம்."

அவன் தன் கையையும் கொண்டுவந்து அவள் கைக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் வைத்தான். மனதுக்குள் அளந்தான். பக்கத்து லாரியின் நிழலில் படுத்திருந்த டிரைவர் தலையைத் தூக்கி, ஒரு நல்ல காரின் முன்னால் காற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரையும் பார்த்தார்.

"நல்ல உயரம். ஒரு ஆளு தாராளமா உள்ள போகலாம்" என்றான்.

"ரெண்டு ஆளு."

"ரெண்டு ஆளா? இடிக்கும்."

"இளைச்சுட்டீங்க. இடிக்காது."

"அளந்தியா?" என்றான்.

வாசலில் காவல்காரர் கையை உயர்த்தி அவனைக் கூப்பிட்டார். அவன் எழுந்திருக்கவில்லை. காவல்காரர் மறுபடி கூப்பிடும் வரை, இருவர் கையும் அந்த உயரத்திலேயே இருந்தன.